போனுக்குப் புரியும்படி பேசுவது எப்படி?

வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும் என்று வாழ்கிற சித்தூர், திருப்பதி மாவட்டத்து மக்களுக்கான வழிகாட்டி இது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், பலமநேர் பக்கத்து வாசகர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் ஓரமாக நின்று படிக்கலாம். உங்கள் போனும் உங்களை அவ்வளவாக மதிப்பதில்லை என்று எங்கள் காதுக்கும் செய்தி வந்திருக்கிறது.

இனிமேல் விரலால் தட்ட வேண்டாம், வாயைத் திறந்தால் போதும் என்கிறார்கள். அதற்கான ஏற்பாடுகளும் வரிசையாக நடந்துவிட்டன. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழையும் தெலுங்கையும் சேர்த்தது. 2023 செப்டம்பரில் ‘ஹலோ யூபிஐ’ என்று வாயால் பணம் அனுப்பும் வசதியை அறிவித்தார்கள். 2024 அக்டோபரில் ஜெமினி லைவ் நம் இரண்டு மொழிகளிலும் அரட்டையடிக்கத் தொடங்கியது. 2025 ஜனவரி 30 அன்று ஆந்திர அரசு ‘மன மித்ர’ என்று பெயர் வைத்து 161 சேவைகளை வாட்ஸப்புக்குள் இறக்கியது. ஆக, போன் தயார், அரசாங்கம் தயார். தயாராகாமல் இருப்பது உங்கள் வாய் ஒன்றுதான். கீழே உள்ள பயிற்சிகளை விடாமல் செய்தால் அதையும் சரிப்படுத்திவிடலாம்.

முதலில் ஒரு மொழியில் நில்லுங்கள்

அமைப்புகளுக்குள் போனால் முதன்மை மொழி எது என்று கேட்கும். நம்மவர்கள் இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். பெண்டாட்டியோடு பேசும் மொழியா, மாமனாரோடு பேசும் மொழியா, மண்டல ஆபீசில் மனு கொடுக்கும்போது பேசும் மொழியா என்று போன் விவரமாகக் கேட்பதில்லை. ஏதாவது ஒன்றைத் தொடுங்கள். தொட்ட பிறகு அதற்கு விசுவாசமாக இருங்கள்.

சுலபமில்லை, தெரியும். ஊர் வரலாறு அப்படி. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து கொஞ்சம், நெல்லூரிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் செய்தார்கள். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. தமிழ்ப் பகுதிகளைக் கேட்டு ம.பொ.சி. போராடினார், எல்லையைத் தீர்த்துவைக்கப் படாஸ்கர் வந்து கணக்குப் பார்த்தார், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, சித்தூரும் புத்தூரும் இங்கேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகியது. இத்தனை முறை கோடு போட்டு அழித்தவர்களில் ஒருவர்கூட மனுஷன் வாய்க்குள் கோடு போட வரவில்லை. அந்தப் பாக்கி வேலையைத்தான் போன் கையில் எடுத்திருக்கிறது.

ஒரு மாந்தோப்புக்காரரை எடுத்துக்கொள்வோம். 2025 சீசனில் தோத்தாபுரிக்கு ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு மேலே 4 ரூபாய் போட்டு 12 ஆக்கும் என்று அறிவிப்பு வந்தது. அது கைக்கு வருமா, இன்றைக்கு மார்க்கெட் நிலவரம் என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். போனை எடுத்து, “பங்காருபாளையம் யார்டுல இன்னிக்கு தோத்தாபுரி கிலோ எந்த?” என்கிறார். அவருக்கு அது முழுக் கேள்வி. தமிழில் வைத்திருக்கும் போனுக்கு அது பாதிக் கேள்வி. எந்த என்றால் எந்தத் தோப்பு, எந்த ஊர், எந்தப் பெண் என்று பின்னால் ஏதாவது வர வேண்டுமே என்று அது காத்திருக்கிறது. அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். இரண்டு பேரும் மரியாதையாகக் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அவர் கத்துகிறார்.

கத்தாதீர்கள். கத்தும்போது உச்சரிப்பே மாறிப்போகிறது, மைக்கின் கொள்ளளவைத் தாண்டிய ஒலி வெட்டுப்படுகிறது. போனுக்குக் காது மந்தமில்லை. நீங்கள் ஒரே மொழி என்று அது முடிவு கட்டியதுதான் தவறு.

மொழியை நாம் தொட்டுக் காட்டாவிட்டாலும் இயந்திரம் இப்படித்தான் முடிவு கட்டும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட ‘விஸ்பர்’ என்ற பேச்சறி மாதிரி ஒலியை 30 விநாடித் துண்டுகளாக நறுக்கி, துண்டுக்கு ஒரு மொழி என்று முத்திரை குத்தி, அந்த மொழியில் எழுதும். 30 விநாடிக்கு ஒரு மொழி! நகரி நெசவாளர் வீட்டில் அந்த நேரத்துக்குள் நூல் விலையைத் தமிழில் விசாரித்து, தறிக்காரனைத் தெலுங்கில் ஏசி, பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தை ஆங்கிலத்தில் கூட்டி முடித்திருப்பார்கள்.

கலந்து பேசுவதை ஆராய்ச்சிக்காரர்கள் அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இந்திய மொழிகளின் கலப்புப் பேச்சையும் ஒரு பகுதியாகக் கொண்டு 2021-இல் ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. என்னென்ன கலப்பு? இந்தியோடு ஆங்கிலம், வங்காளத்தோடு ஆங்கிலம். பக்கத்து வீட்டு மொழியோடு கலப்பதை யாரும் கலப்பாகவே மதிப்பதில்லை. ஆகவே மாங்காய் விலை கேட்கும்போது ஆங்கிலத்தைக் கலந்துகொள்ளுங்கள். “மேங்கோ ரேட் டுடே என்ன” என்றால் போன் மலர்ந்துவிடும். முகம் சுளிப்பது மண்டிக்காரர் மட்டும்தான்.

எதிர்பார்த்ததை மட்டும் பேசுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் பகுதியில் இருக்கிறது. பலர் நினைப்பதுபோல் போன் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை. நீங்கள் என்ன பேசக்கூடும் என்று ஊகிக்கிறது. ஊரில் சில பெரியவர்கள் உண்டு. நாம் பாதி சொல்வதற்குள் மீதியைத் தாங்களே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லி, நம்மை வழியனுப்பியும் வைத்துவிடுவார்கள். போன் அந்த ரகம்.

இந்தக் கலையை இயந்திரத்துக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? நம் ஊர்க்காரர். அன்றைய சித்தூர் மாவட்டத்துக் காட்டூரு கிராமத்தில் 1937-இல் பிறந்த டப்பல ராஜகோபால் ரெட்டி. உலகத்துக்கு ராஜ் ரெட்டி. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் சிவில் இன்ஜினீயரிங் முடித்தார். அந்தக் காலத்தில் அதைப் படித்தவர் பொதுப்பணித் துறையில் சேர்ந்து அணையோ பாலமோ கட்டியிருக்க வேண்டும். இவர் ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு போய், செயற்கை அறிவு என்ற பெயரையே சூட்டிய ஜான் மெக்கார்த்தியிடம் சேர்ந்து, பேச்சைக் கணினி அறிவது எப்படி என்று ஆராய்ந்து 1966-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்போது இந்தத் துறைக்கு மரியாதை கிடையாது. 1952-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘ஆட்ரி’ என்றொரு இயந்திரம் ஒன்று, இரண்டு என்று எண்களை அடையாளம் கண்டது. 1962-இல் ஐபிஎம்மின் ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்கள் வரை வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. 1969-இல் அதே பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் பியர்ஸ், ஓர் ஆய்விதழில் கடிதம் எழுதி, பேச்சறிதலைத் தண்ணீரைப் பெட்ரோலாக்கும் திட்டங்களின் வரிசையில் வைத்தார். ராஜ் ரெட்டி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். பெரிய மனிதர் வேண்டாம் என்று சொன்ன வேலையை அதே வருஷம் பெரிதாகத் தொடங்குவதற்கு ஒரு ராயலசீமைப் பிடிவாதம் வேண்டும். இது என் சொந்தக் கருத்து.

அங்கே அவரும் கூட்டாளிகளும் ‘ஹியர்சே’ என்ற அமைப்பைச் செய்தார்கள். அதற்குக் கொடுத்த முதல் வேலை சதுரங்கம். காயை நகர்த்தச் சொல்லி வாயால் கட்டளையிட வேண்டும். இதில்தான் சூட்சுமம். பலகையில் காய்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று கணினிக்குத் தெரியும். விதிப்படி எந்தெந்த நகர்த்தல் முடியும் என்றும் தெரியும். ஆகவே ஒலி அரைகுறையாக விழுந்தாலும், இந்த நிலையில் மனுஷன் இதைத்தான் சொல்லியிருக்க முடியும் என்று பிடித்துவிடும். அடுத்து வந்த ஹியர்சே-2, ஒலி தெரிந்த பகுதி, சொல் தெரிந்த பகுதி, இலக்கணம் தெரிந்த பகுதி என்று பலவற்றை ஒரு பொதுக் கரும்பலகையில் தத்தம் ஊகத்தை எழுதவிட்டு முடிவுக்கு வந்தது. 1976-இல் ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை அறிந்தது. அதுவும் சொல்லக்கூடிய வாக்கியங்களையெல்லாம் முன்கூட்டியே ஒரு வலையாகப் பின்னி வைத்துக்கொண்டு, அந்த வலைக்குள் விழுந்தால் மட்டும்.

அவருடைய மாணவர் ஜேம்ஸ் பேக்கர் ‘டிராகன்’ அமைப்பில் நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டுவந்தார். இன்னொரு மாணவர் காய்-ஃபூ லீ 1988-இல் ‘ஸ்பிங்க்ஸ்’ செய்தார். ஒவ்வொருவர் குரலுக்கும் தனியாகப் பழக்க வேண்டிய கட்டாயம் அதில் ஒழிந்தது. 1994-இல் ராஜ் ரெட்டிக்கு டூரிங் விருது கிடைத்தது. ஆசியாவில் பிறந்த ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கணினி பேச்சிலேயே பயன்பட வேண்டும் என்று பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். சொன்னவர் கிராமத்தில் பிறந்தவர். யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு அந்தப் பழைய நிகழ்தகவு மாதிரிகளின் இடத்தில் நரம்பு வலைப்பின்னல்கள் வந்துவிட்டன. விநாடிக்கு 16,000 முறை ஒலியை அளந்து, 25 மில்லிவிநாடித் துண்டுகளாக்கி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று பார்த்து, லட்சக்கணக்கான மணிநேரப் பேச்சில் பழகிய அனுபவத்தால் எழுத்தாக்குகிறார்கள். ஆனால் அடிப்படை சதுரங்கப் பலகைதான். அன்று வலையைப் பின்னியது விஞ்ஞானி. இன்று பழகக் கொடுத்த பேச்சு தானாகப் பின்னுகிறது. அந்தப் பேச்சில் நம் மாதிரி ஆட்கள் இல்லையென்றால் நம் வாக்கியம் அந்தப் பலகையில் இல்லாத நகர்த்தல். முதலில் விஸ்பரைப் பழக்கிய ஒலி 6,80,000 மணிநேரம். அதில் ஆங்கிலத்தைத் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 1,17,000 மணிநேரம். அந்த 96-இல் நாமும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

எனவே பயிற்சி: பேசுவதற்கு முன், இதை அமெரிக்காவில் இருப்பவர் எதிர்பார்ப்பாரா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வானிலை கேட்கலாம். அலாரம் வைக்கச் சொல்லலாம். “எருமை கன்னு போட்டுச்சு, டாக்டரை ரமன்னு செப்பு” என்பதெல்லாம் அடுத்த தலைமுறை போனுக்கு விட்டுவைக்கவும்.

செய்தி வாசிப்பவராக மாறுங்கள்

பழக்குவதற்குக் கிடைத்த ஒலியில் பெருவாரி யாராவது எதையாவது வாசித்தது. மெட்டா நிறுவனம் 2023-இல் 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பேச்சறிதல் செய்தபோது அதற்கான ஒலி எங்கிருந்து வந்தது? புதிய ஏற்பாட்டை வாசித்த பதிவுகளிலிருந்து. அத்தனை மொழிகளிலும் ஒரே நூல், நிறுத்தி நிதானமாக வாசித்தது, வேறெங்கே கிடைக்கும்? அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேதம் வாசிக்கும் குரலில் நம் வீட்டில் யாரும் தயிர் கேட்பதில்லை.

ஆகவே, குளித்து முடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, “நான் தற்பொழுது திருப்பதிக்குச் செல்ல விரும்புகிறேன்” என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோய் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பொருட்படுத்த வேண்டாம். “சொல்லிக்கிட்டிருந்தாங்களேன்னுதான்” என்று ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லாக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். தமிழில் ஒரு வினைச்சொல்லுக்கு வால் மேல் வால் முளைக்கும். ஆங்கிலத்துக்கு அகராதி போட்ட கை அதை எண்ணி மாளாது.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவோ இந்த யோசனைக்கு எதிராக வேலை செய்கிறது. ‘இண்டிக்வாய்சஸ்’ என்று 2024-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர் பேசிய 7,348 மணிநேரம் இருந்தது. வாசித்தது 9 சதவீதம்தான். 74 சதவீதம் மனுஷர்கள் மனதில் தோன்றியதைப் பேசியது. இப்படியே போனால் இந்த வழிகாட்டி சீக்கிரம் விலைபோகாமல் கிடக்கும் என்று எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

ஊர்ப் பெயரைத் தவிர்க்கவும்

கங்காதர நெல்லூருக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் போங்கள். போனிடம் கேட்டால் கங்காதர என்பதை உங்கள் பெயர் என்று எடுத்துக்கொண்டு, கடலோரத்து நெல்லூருக்கு வழி சொல்லும் அபாயம் இருக்கிறது. புத்தூர் என்றால் கர்நாடகத்தில் ஒன்று உண்டு, சித்தூர் என்றால் பாலக்காட்டில் ஒன்று உண்டு, கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ராஜஸ்தானத்துச் சித்தோர்கட் வரை உங்களைக் கொண்டுபோய் விடும். எலும்பு முறிந்தவர் அவசரத்தில் “புத்தூர் கட்டு” என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கும் வைத்தியம்தான். ஆனால் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், யாரோ யாரையோ எதையோ கட்டச் சொல்கிறார்கள்.

கார்வேட்டிநகரம், பூதலப்பட்டு, வடமாலைப்பேட்டை ஊர்க்காரர்கள் இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டாம். நேரே வீடு மாறிவிடுவது உத்தமம்.

எண்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்

தெலுங்கில் எண் சொல்லிப் பழகியவர் போனைத் தமிழில் வைத்துக்கொண்டு மொபைல் நம்பர் சொல்லும்போது மூன்று வந்தால் ஜாக்கிரதை. “மூடு” என்றதும் அது செயலியை மூடிவிட்டால் எங்கள் பொறுப்பல்ல.

பேச்சறிதல் தொழிலில் இப்படிப்பட்ட தவறுகளுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன சொற்களில் எத்தனை மாறிப்போயின, எத்தனை விட்டுப்போயின, சொல்லாதது எத்தனை சேர்ந்தன என்று கூட்டி, நீங்கள் சொன்ன மொத்தச் சொற்களால் வகுப்பார்கள். சொல் பிழை விகிதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் ஒரே ஒரு சொல் சொல்லி, போன் சம்பந்தமில்லாமல் மூன்று சொல் எழுதினால் பிழை 300 சதவீதம். பரீட்சையில் பூஜ்யத்துக்குக் கீழே மார்க் வாங்க முடியாமல் போன நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி ஆறுதல் தரட்டும்.

சத்தமில்லாத இடத்துக்குப் போங்கள்

நல்ல போனில் இரண்டு மூன்று மைக் இருக்கும். ஒன்று உங்கள் குரலைப் பிடிக்க, மற்றது சுற்றுச் சத்தத்தைப் பிடித்துக் கழிக்க. மின்விசிறி, மோட்டார் மாதிரி ஒரே சீராக வரும் சத்தம் சுலபமாகக் கழிந்துவிடும். கழியாதது இன்னொரு மனிதக் குரல். திருப்பதி ஆர்டிசி பஸ் நிலையம் முழுக்க முழுக்க இன்னொரு மனிதக் குரலால் கட்டப்பட்டது. வேலூர், சென்னை, திருத்தணி, காளஹஸ்தி என்று கண்டக்டர்கள் கூவுகிறார்கள். மேலே ஒலிபெருக்கி. கீழே காணாமல் போன குழந்தையின் அழுகை. பக்கத்தில் கடப்பைக்காரர் தன் போனோடு சண்டை பிடிக்கிறார். இந்த இடத்தில் நின்று “அடுத்த பஸ் எப்போ?” என்று கேட்டால் போன் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு பதில் சொல்லும்.

சத்தமில்லாத இடம் திருப்பதியில் எங்கே என்று கேட்பீர்கள். நாங்களும் தேடினோம். அலிபிரியில் கூட்டம், ரேணிகுண்டா சாலையில் லாரி, கோவிந்தராஜர் கோயில் வீதியில் கல்யாண மேளம். போன் தொல்லையே இல்லாத இடம் ஒன்று மலை மேல் இருக்கிறது. கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கவுண்டரில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே ஜனங்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கலந்து கட்டி, பாதி வாக்கியம் பேசி, மீதிக்கு அழுதுவிட்டு வருகிறார்கள். முதன்மை மொழி எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. புரிந்ததா என்று கேட்டால், புரிந்தது என்கிறார்கள்.

ரகசியம் காக்க

போனை எழுப்பும் சொல்லுக்காக எந்நேரமும் ஒரு சிறு காது திறந்தே இருக்கிறது. அது சில சமயம் தப்பாகவும் விழித்துக்கொள்ளும். ஆப்பிளின் குரல் உதவியாளர் ‘சிரி’ கூப்பிடாமலே கேட்டுப் பதிவு செய்ததாகத் தொடர்ந்த வழக்கில், 9.5 கோடி டாலர் தந்து சமரசம் செய்ய அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது 2025 ஜனவரியில் வெளியே தெரிந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. பங்காளிச் சண்டை பேசும்போது போனைப் பக்கத்து அறையில் வையுங்கள். யூபிஐ ரகசிய எண்ணை எந்தக் காரணத்துக்கும் வாயால் சொல்லாதீர்கள். மகன் குரலிலேயே அழுதுகொண்டு யாராவது பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். குரலை நகலெடுப்பது இப்போது சுலபம். இந்தப் பத்தியில் கேலி எதுவும் இல்லை.

மேற்படி பயிற்சிகள் ஒத்துவராதவர்களுக்கு

பெரும்பாலோருக்கு ஒத்துவராது. அறுபது வயதில் யாரும் செய்தி வாசிப்பவர் ஆக முடியாது, ஆகவும் தேவையில்லை. இங்கே மாற வேண்டியது போன்தான். அது மாறுவதற்கு வழியும் இருக்கிறது.

போன் ஒன்றும் வெளியூர்ச் சாமான் இல்லை. சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டியில், ஃபாக்ஸ்கான் ஆலையில், ஷியோமி தன் முதல் இந்தியத் தயாரிப்பு போனை 2015 ஆகஸ்டில் வெளியே கொண்டுவந்தது. பேச்சறிதலின் முன்னோடி இந்த மண்ணில் பிறந்தார், போன் இந்த மண்ணில் திருகு முடுக்கப்பட்டது. நடுவில் இந்த மண்ணின் பேச்சு மட்டும் சேர்க்கப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனியாக ஒலித்தொகுப்பு வந்தாயிற்று; மைக்ரோசாஃப்ட் 2018-லேயே குஜராத்தியோடு இவை இரண்டுக்கும் ஒரு தொகுப்பைக் கொடுத்துப் போட்டி வைத்தது. 2022 ஜூலையில் மத்திய அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டமான பாஷிணி வந்தது. ஆனால் இரண்டு மொழியும் ஒரே வாயில் ஒரே மூச்சில் வரும் பேச்சுக்கு யாராவது மெனக்கெட வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு அது தோன்றாது. தோன்ற வேண்டியது நமக்கு.

குப்பத்தில் 1997-இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்று மொழி சந்திக்கும் இடம் பார்த்துத்தான் அதை அங்கே வைத்தார்கள். திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015 முதல் ஐஐடியும் இருக்கின்றன. மொழி தெரிந்தவர்கள் ஒரு பக்கம், இயந்திரம் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் சேர்ந்து அடுத்த மாங்காய் சீசனில் பங்காருபாளையம் யார்டில் ஒரு மாதம், நகரித் தறிக்கூடங்களில் ஒரு மாதம், திருப்பதி பஸ் நிலையத்தில் ஒரு மாதம் மைக்கோடு உட்கார்ந்தால் இந்தியாவில் யாரிடமும் இல்லாத ஒரு தொகுப்பு கிடைக்கும். வாசகர்களில் அந்தப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்கள், படிப்பிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் துறைத் தலைவரிடம் போய்க் கேளுங்கள்.

மற்றவர்கள் பாஷிணியின் ‘பாஷாதான்’ தளத்தில் ‘போலோ இந்தியா’ பகுதிக்கும், மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ தளத்துக்கும் இன்றே குரல் கொடுக்கலாம். காசில்லை, நேரம்தான் செலவு. பெரும்பாலும் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை வாசிக்கச் சொல்வார்கள். வாசியுங்கள், ஆனால் குரலை மாற்றிக்கொண்டு வாசிக்க வேண்டாம். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். பதிவு எடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பேசுகிறவரிடம் எதற்கென்று சொல்லி அனுமதி வாங்குங்கள், அரைநாள் வேலையை விட்டு வந்து பேசுகிறவருக்கு அரைநாள் கூலி கொடுங்கள்.